விலகிய குதிரையும் விலகாத மனிதனும்



ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். ஒருவர் பகல் ஷிப்டு முடிந்து வரும்போது மற்றொருவர் இரவு ஷிப்டுக்குக் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்புகிறார். மாதச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சுவது ஊருக்குப் போகிறது. அந்தப் பணத்தை எதிர்பார்த்து அங்கே ஒரு தாய் இருக்கிறார். திருமண வயதில் ஒரு தங்கை இருக்கிறாள்.

அப்படிப்பட்ட ஓர் இளைஞர் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் தாழ்வாரத்தில் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். கிரிக்கெட்டில் நூறு ரூபாயில் தொடங்கிய பந்தயப் பழக்கம் அவரை வெளிநாட்டுச் செயலி ஒன்றிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் மட்டுமே நேரில் பார்த்த அவர், 2023 மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு குதிரைப் பந்தயத்தில் மூவாயிரம் ரூபாய் கட்டியிருக்கிறார். அவர் கட்டிய குதிரை ஓடவே இல்லை. பந்தயத்தன்று அதனை விலக்கிவிட்டார்கள். மூவாயிரமும் அவர் கணக்குக்குத் திரும்பி வந்தது.

“பாய், பணம் முழுசாகத் திரும்பியதும் அல்லாஹ் எனக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறான் என்றுதான் நினைத்தேன். அந்த மூவாயிரத்தோடு ஊருக்கு அனுப்ப வைத்திருந்த ஐயாயிரத்தையும் சேர்த்து வேறொரு குதிரைமேல் கட்டினேன்” என்றார். அந்த எட்டாயிரமும் போயிற்று.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அது இன்னொரு வாய்ப்புத்தான். ஆனால் எதற்கான வாய்ப்பு என்பதைத்தான் அவர் தவறாகப் புரிந்துகொண்டார். அந்தத் தவறு அவர் ஒருவருடையதன்று; சூதாட்டத்தின் இயல்பே அந்தத் தவற்றில் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இதனை விரிவாக எழுதத் துணிந்தேன்.

அன்று நடந்தது என்ன?

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் களத்தில், 1875ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பந்தயம் கெண்டக்கி டெர்பி. மே மாதத்தின் முதல் சனிக்கிழமை நடைபெறும் இதில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஆகவே ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்த வாய்ப்பு.

2023 மே 6 அன்று நடந்த பந்தயத்தில் எல்லோரும் எதிர்பார்த்த குதிரை ஃபோர்டே. முந்தைய ஆண்டில் இரண்டு வயதுக் குதிரைகளுள் முதன்மையானது என விருது பெற்றது. ஏப்ரல் 1 அன்று ஃபுளோரிடா டெர்பியையும் வென்றது. தொடக்க மதிப்பீட்டில் அதற்கு ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் தரப்பட்டிருந்தது. பந்தய நாள் காலையில் மாநிலக் கால்நடை மருத்துவர் அதனைப் பரிசோதித்தார். வலது முன்னங்கால் குளம்பில் ஏற்பட்டிருந்த அடி காரணமாக அது ஓடக்கூடாது என முடிவாயிற்று. இங்கே அப்போது சனிக்கிழமை மாலை.

அந்த ஆண்டு அதனோடு சேர்த்து மொத்தம் ஐந்து குதிரைகள் விலகின; பதினெட்டுக் குதிரைகள் ஓடின. ஃபோர்டே இல்லாத களத்தில் ஏஞ்சல் ஆஃப் எம்பயர் என்ற குதிரைமேல் பணம் குவிந்தது. அது மூன்றாவதாக வந்தது. வென்றது மேஜ். ஐந்து வாரங்களுக்கு முன்பு ஃபுளோரிடாவில் ஃபோர்டேயிடம் தோற்று இரண்டாவதாக வந்த குதிரை அது! அதன் விகிதம் ஒன்றுக்குப் பதினைந்துக்கும் மேல். பந்தயம் தொடங்கியபோது நம் நாட்டில் ஞாயிறு அதிகாலை ஏறத்தாழ நான்கரை மணி. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வேளை. அந்த இளைஞர் அப்போது விழித்துத்தான் இருந்தார், தொழுகைக்காக அல்ல.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்தன்று. 2012ஆம் ஆண்டு ஐ வில் ஹேவ் அனதர் என்ற குதிரை அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களில் இரண்டை வென்றுவிட்டு மூன்றாவதான பெல்மாண்ட் பந்தயத்துக்குக் காத்திருந்தது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 8 அன்று, கால் தசைநார்ப் பாதிப்பால் விலக்கப்பட்டது. 2019 கெண்டக்கி டெர்பியிலும் முன்னணிக் குதிரையான ஒமாஹா பீச் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு மூச்சுப்பாதைக் கோளாற்றால் விலகியது. ஐந்நூறு கிலோ எடையை மெல்லிய நான்கு கால்களில் தாங்கி முழு வேகத்தில் ஓடும் உயிர் அது. அதன் உடல்நிலை நாளுக்கு நாள் மாறும்.

விலகிய பின் பணம் என்னவாகிறது?

குதிரை விலகினால் கட்டியவருக்குப் பணம் திரும்பிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. பணம் எப்போது, எங்கே, எவ்வகையில் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக அது முடிகிறது.

முதலாவது, பொதுத் தொகுப்பு முறை. கட்டியவர்களின் பணம் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, வரியும் களத்தின் பங்கும் கழிக்கப்பட்டு, மீதி வென்றவர்களுக்குப் பிரிக்கப்படும். இங்கே விலகிய குதிரைமேல் தனியாகக் கட்டிய பணம் திரும்பி வரும். தொகுப்பு சுருங்கும், மற்றக் குதிரைகளின் விகிதமும் மாறும். ஆனால் பல பந்தயங்களைத் தொடுத்துக் கட்டும் சீட்டுகளில் விலகிய குதிரைக்குப் பதிலாக, அந்நேரத்தில் அதிகப் பணம் குவிந்திருக்கும் குதிரை தானாகவே சேர்க்கப்படுவது அமெரிக்கக் களங்களில் பரவலான விதி. தான் தேர்ந்தெடுக்காத குதிரைமேல் தன் பணம் ஓடுவதை அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, முன்கூட்டியே விகிதம் பேசிக் கட்டும் முறை. பிரிட்டனில் இதற்கு நான்காம் விதி என்றொரு ஏற்பாடு உண்டு. முன்னணிக் குதிரை விலகினால் மற்றக் குதிரைகள் வெல்வது எளிதாகிறது என்று சொல்லி, வென்றவரின் ஆதாயத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றுக்கு மூன்று விகிதமுள்ள குதிரை விலகினால் பவுண்டுக்கு 25 பென்ஸ் கழியும். மிகவும் வலுவான குதிரையானால் 90 பென்ஸ் வரை கழியும். விலகிய குதிரையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவருடைய பையிலும் அதன் விலகல் கைவைக்கிறது.

மூன்றாவது, வாரங்கள் மாதங்களுக்கு முன்பே கட்டுவது. இதில் குதிரை விலகினால் பணமும் போயிற்று. கெண்டக்கி டெர்பிக்கென முன்கூட்டியே நடத்தப்படும் பந்தயத் தொகுப்பில், பின்னர் விலகும் குதிரைக்குப் பணம் திருப்பித் தரப்படுவதில்லை. அதில் ஃபோர்டேமேல் கட்டியவர்கள் அதன் ஓட்டத்தைப் பாராமலே தோற்றார்கள்.

இம்மூன்றிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். குதிரையின் கால் வலி முதலில் தெரிவது அதனைப் பராமரிக்கும் பணியாளருக்கு. பிறகு பயிற்சியாளருக்கு, பிறகு உரிமையாளருக்கு, பிறகு மருத்துவருக்கு. கடைசியாகத்தான் பணம் கட்டியவருக்குத் தெரிகிறது. அதுவும் தெரிவிக்கப்பட்டால்தான் உண்டு. ஃபோர்டே விலகிய சில நாள்களில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. 2022 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தில் அது வென்ற ஒரு பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில், அனுமதிக்கப்படாத அழற்சி நீக்க மருந்தின் தடயம் கண்டறியப்பட்டிருந்தது. அம்மாநில ஆணையம் அந்த வெற்றியைத் தகுதிநீக்கம் செய்தது 2023 மே மாதத்தில். எட்டு மாதங்களாகப் பொதுமக்கள் அதனை அறியாமலே அந்தக் குதிரைமேல் பணம் கட்டிவந்தார்கள்.

வணிகமும் சூதும்

ஒரகடத்தில் வேலை செய்வோருக்கு ஒன்று நன்கு தெரியும். வாகனத்திலோ உதிரிப் பாகத்திலோ குறை கண்டால் தரச் சோதனைப் பிரிவு அதனை நிறுத்திவைக்கும். குறை தெரிந்தே வெளியே அனுப்பினால் அது குற்றம். குறையுள்ள பொருளை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம், நட்டஈடும் கேட்கலாம்.

இஸ்லாமிய வணிக நெறியின் அடிப்படையும் இதுதான். மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக்கூடாதா என அந்த வணிகரைக் கேட்டதும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்ததும் முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கின்றன. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பண்டம் எது, விலை எது, எப்போது கைமாறும் என்பவை இரு தரப்பாருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். கடும் நிச்சயமின்மையைக் கரர் என்று கூறி மார்க்கம் விலக்குகிறது.

பந்தயத்தில் பணம் கட்டியவர் எதை வாங்கினார்? குதிரையையும் வாங்கவில்லை, அதன் உழைப்பையும் வாங்கவில்லை. அவரிடம் இருப்பது ஓர் எண் மட்டுமே. குறை இருந்தது எனத் திருப்பிக் கொடுக்க அவரிடம் பொருளே இல்லை. வணிகத்தில் இருவரும் ஆதாயம் அடையலாம். சூதில் ஒருவர் கையில் வருவது இன்னொருவர் கையிலிருந்து போனதுதான்.

குதிரையை வெறுக்கும் மார்க்கமா இது?

இல்லை, சகோதரர்களே. மூச்சிரைக்க விரையும் குதிரைகள்மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயம் திருக்குர்ஆனின் நூறாவது அத்தியாயமாகிய அல்ஆதியாத். நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளை அல்ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடவிட்டார்கள் என்றும், அதில் தாமும் கலந்துகொண்டதாகவும் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. குதிரையின் ஆற்றலுக்கு ஏற்பத் தூரத்தைப் பிரித்த அந்தக் கருணையை நாம் கவனிக்க வேண்டும்.

பரிசும் கூடாது என மார்க்கம் சொல்லவில்லை. அம்பெய்தல், ஒட்டகம், குதிரை ஆகியவற்றின் போட்டிகளுக்குப் பரிசு அனுமதிக்கப்பட்டிருப்பதாக நபிமொழி உண்டு. ஆட்சியாளரோ மூன்றாம் நபரோ பரிசு தரலாம்; போட்டியாளர்களில் ஒருவர் மட்டும் முன்வந்தும் தரலாம். போட்டியாளர் இருவரும் பணம் வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்வது என்றால் அது கிமார் எனும் சூதாகிவிடும் என்பது நம் வட்டாரத்தில் பின்பற்றப்படும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் பொதுவான நிலை. இதற்கு அவர்கள் கூறும் விதிவிலக்கும் ஓட்டத்தில் கலந்துகொள்வோருக்கே உரியது. களத்துக்கு வெளியே நின்று பணம் கட்டும் மூன்றாமவருக்கு அதில் இடமே இல்லை.

மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றோர் ஒட்டகம் இருந்தது. அதனை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. உலகில் உயர்ந்துவிடும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்னும் கருத்துப்பட நபியவர்கள் அவர்களுக்குப் பதிலளித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தியும் புகாரியில் உள்ளது.

தோல்வியிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. ஏனெனில் அந்த ஓட்டத்தின்மேல் யாரும் பணம் கட்டியிருக்கவில்லை. பணம் கட்டியவருக்கு ஓட்டத்தில் பாடம் கிடைக்காது. கணக்கு மட்டுமே கிடைக்கும்.

இதன் கொடுமை ஃபோர்டே விலகிய நாளில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்த வாரம் சர்ச்சில் டவுன்ஸில் குதிரைகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தன. ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஒரு மாத காலத்துக்குள் பன்னிரண்டு குதிரைகள் மாண்டன. ஜூன் மாதத்தில் எஞ்சிய பந்தயங்களை வேறொரு களத்துக்கே மாற்ற வேண்டியதாயிற்று. அத்தகைய சூழலில் ஒரு மருத்துவர் வலியுள்ள குதிரையை ஓடவிடாமல் தடுத்தார் என்பது நற்செய்தி அல்லவா? வாய்பேசாப் பிராணிகள் விஷயத்தில் இறைவனுக்கு அஞ்சச் சொன்ன நபியின் சமுதாயம் அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் செல்பேசியைக் கையில் வைத்திருந்த நம் இளைஞருக்கு அது துக்கச் செய்தி. ஓர் உயிர் தப்பியதை நட்டமாக எண்ண வைக்கும் தொழில் நம் கல்பை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சிந்தியுங்கள்.

திறமை என்ற வாதம்

“இது சூதன்று, திறமை, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்று படித்த பிள்ளைகள் வாதிடுகிறார்கள். அந்த வழக்கு நம் கிண்டியிலிருந்து போனதுதான். ஒரகடத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிண்டிக் களத்தில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே பந்தயங்கள் நடந்துவந்தன. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. எத்தனையோ குடும்பங்கள் நாசமாவதைக் கண்டு தமிழக அரசு 1974ஆம் ஆண்டு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கிளப் நீதிமன்றம் சென்றது. 1996 ஜனவரி 12 அன்று, குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றும், ஆகவே சூதாட்டத் தடைச் சட்டங்களின் பொருளில் அது சூதாட்டமாகாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாட்டின் சட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பு பதில் சொன்ன கேள்வி வேறு. நம் மார்க்கம் கேட்கும் கேள்வி வேறு. திறமை அதிகமா, அதிர்ஷ்டம் அதிகமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. உன் ஆதாயம் இன்னொருவரின் இழப்பிலிருந்து வருகிறதா என்பது மார்க்கத்தின் கேள்வி. அறிவாளி ஆடினாலும் மைசிர் மைசிர்தான்.

மேலும், திறமை யாருடையது? குதிரையின் வம்சத்தையும் முந்தைய ஓட்டங்களையும் இரவெல்லாம் படித்துக் கணித்தவரின் திறமை, காலை நேரத்தில் குளம்பில் கண்ட ஓர் அடியால் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஓடாத குதிரையைப் பற்றிய கணிப்பு சரியா தவறா என்பதே தெரியாது. குதிரைக்குத் திறமை உண்டு, ஜாக்கிக்கு உண்டு, பயிற்சியாளருக்கு உண்டு. அறையில் படுத்தபடி திரையைத் தொடுபவருக்கு இருப்பது ஆசை.

உலகச் சட்டமும் மெல்ல அந்தத் திசையில் நகர்கிறது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு லாட்டரி தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும்போது திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே பாராமல் ஒதுக்கிவிட்டது. கிண்டிக் களத்தின் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலத்தையும் 2024 செப்டம்பரில் தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. களங்கள் சுருங்குகின்றன. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒரு களம் திறந்திருக்கிறது என்பதுதான் இன்றைய சோதனை.

நன்மையே இல்லையா?

“எத்தனையோ குதிரைப் பராமரிப்பாளர்களுக்கும் ஜாக்கிகளுக்கும் சோறு போடுகிறதே, அரசுக்கு வரி வருகிறதே” என்பார்கள். வரி வருவது உண்மை. 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகையின் முழு மதிப்பின்மீது 28 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடாயிற்று. ஓட்டம் தொடங்குமுன்பே கட்டியவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பதற்கும் அதுவே சான்று.

மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதைத் திருக்குர்ஆன் மறுக்கவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதனை ஒப்புக்கொண்டே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று நிறுத்துப் பார்த்துச் சொல்கிறது. குதிரைகளைப் பேணும் ஏழைத் தொழிலாளியின்மீது நமக்கு இரக்கம் உண்டு. அவருக்கு வேறு வேலை வேண்டும் என்பதே அதன் பொருள். அவருக்காக இன்னோர் ஏழையின் சம்பளம் அழிய வேண்டும் என்பதன்று.

திரும்பி வந்த பணம்

இப்போது அந்த இளைஞரின் மூவாயிரத்துக்கு வருவோம்.

பந்தயத்தில் கட்டிய பணம் முழுதாகத் திரும்பி வருவது அரிது. வென்றாலும் அது ஹராமின் கலப்போடு வரும். தோற்றால் வரவே வராது. குதிரை விலகும்போது மட்டும், எதையும் வெல்லாமல், எதையும் இழக்காமல், சொந்த உழைப்பின் பணம் சுத்தமாகக் கைக்கு வருகிறது. மனிதன் தொடங்கிய இடத்திலேயே மீண்டும் நிறுத்தப்படுகிறான். கதவு திறந்திருக்கிறது. வெளியே நடந்துவிடலாம்.

ஆனால் நடப்பதில்லை. பணம் திரும்பியதும் அவர் கண் வேறொரு குதிரையைத் தேடுகிறது. அவருக்கு ஃபோர்டேமேல் ஈடுபாடு இருந்ததில்லை என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. எந்தக் குதிரையானாலும் சரி, ஏதேனும் ஒன்றின்மேல் கட்டியாக வேண்டும். பணம் திரும்பி வந்தது. மனிதர் திரும்பி வரவில்லை. காலில் வலி கண்ட குதிரையை விலக்க அங்கே ஒரு மருத்துவர் இருந்தார். இங்கே நெஞ்சில் நோய் கண்ட நம் பிள்ளையை விலக்க யார் இருந்தார்கள்?

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களை அரபி மூலத்தோடு வாசித்துப் பாருங்கள். சூதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றோ அளவோடு ஆடுங்கள் என்றோ அங்கே ஏவல் இல்லை. அதிலிருந்து விலகிவிட வேண்டும் என்பதே ஏவல். அடுத்த வசனம் காரணத்தையும் சொல்கிறது. மனிதரிடையே பகையை மூட்டுவதும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதும் ஷைத்தானின் நோக்கம் என்கிறது. ஃபஜ்ருப் பாங்கு ஒலிக்கும்போது லூயிவில்லின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விலகுவது எப்படி? வா, சூதாடுவோம் என நண்பனை அழைத்தவர்கூட அதற்காக ஸதக்கா செய்யட்டும் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியில் வருகிறது. அழைப்புக்கே இந்தப் பரிகாரம் என்றால், ஆடியவர் தவ்பாவோடு தர்மமும் செய்வது எவ்வளவு பொருத்தம்! கட்டிய தொகை திரும்பி வந்தால் அது அவருடைய சொந்தப் பணம். அன்றே வங்கிக் கணக்குக்கு மாற்றி, அந்தச் செயலியையும் நீக்கிவிட வேண்டும். சூதில் வென்ற பணம் கையில் இருந்தால், உரியவரிடம் சேர்க்க வழியில்லாதபோது நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே ஆலிம்கள் பலரும் தரும் வழிகாட்டுதல். தத்தம் நிலைமையை உள்ளூர் ஆலிமிடம் சொல்லித் தெளிவு பெறலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் குறைந்து வந்தால் “ஏன் குறைந்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள்; “நீ நலமாக இருக்கிறாயா?” என்றும் கேளுங்கள். உண்மையைச் சொன்ன பிள்ளையை உறவினர் கூட்டத்தில் அவமானப்படுத்தாதீர்கள். வெட்கத்துக்கு அஞ்சித்தான் பலர் விட்டதைப் பிடிக்க மேலும் கடன் வாங்குகிறார்கள். அதே நேரத்தில் கடனை முழுதாக அடைத்துப் புதிய பணத்தையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். கடன் கொடுத்தவரிடம் நேரே செலுத்துங்கள். சில மாதங்களுக்கு வரவு செலவைக் குடும்பத்தில் ஒருவர் உடனிருந்து பார்க்கட்டும். சூது சிலருக்கு நோயாகவே முற்றிவிடுகிறது. மனம் உடைந்து பேசும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. மருத்துவத்தை நாடுவது தவக்குலுக்கு முரணானதன்று.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தொழிற்பேட்டைப் பகுதிப் பள்ளிவாசல்களுக்கு வரும் இளைஞர்கள் ஜும்ஆ முடிந்ததும் ஷிப்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அவர்கள் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு ஒரு கோப்பைத் தேநீரோடு அவர்களோடு அமருங்கள். அவசரத் தேவைக்கு வட்டியில்லாக் கடன் தரும் சிறு நிதியை ஏற்படுத்துங்கள். செல்பேசிக் கடன் செயலியும் பந்தயச் செயலியும் அக்காள் தங்கையர். ஒன்று வரும் வீட்டுக்கு மற்றதும் வந்து சேரும்.

அந்த இளைஞர் அந்த ஆண்டு ரமளானுக்குப் பிறகு வந்த முதல் சம்பளத்தை இழந்தவர். இப்போது, அல்ஹம்துலில்லாஹ், பழைய கடனை மாதாமாதம் அடைத்துவருகிறார். சம்பளம் வந்த அன்றே தாய்க்கு அனுப்பிவிட்டு, மீதியைத்தான் தம் கணக்கில் வைக்கிறார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: “தம்பி, அன்று அல்லாஹ் உனக்கு வாய்ப்புத்தான் தந்தான். குதிரையை விலக்கி, நீயும் விலகு என்று காட்டினான். அந்தச் சனிக்கிழமை அது உனக்குப் புரியவில்லை. இன்று புரிந்துவிட்டதே, அது போதும்.”

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத்தைத் தருவாயாக. ஹலாலைக் கொண்டு எங்களை ஹராமிலிருந்து தேவையற்றவர்களாக ஆக்குவாயாக. நீ விலகச் சொன்னவற்றிலிருந்து, இழப்பு வந்து சேருமுன்பே விலகும் மனவலிமையை எங்கள் அனைவருக்கும் தருவாயாக. ஆமீன்.